என் பழைய வரியை என் முன்னால் வைத்தார்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் வேலை குறைந்துவிடும். கல்யாண வீடியோ எடிட் செய்கிற எனக்கு வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் சொந்த ஆசைக்குக் கிடைக்கும். 2021 மார்கழியில் என் சேனலுக்காக 22 நிமிட வீடியோ ஒன்று செய்தேன். பிரௌசிங் சென்டர் காலத்தில் நாங்கள் விளையாடிய கேம்களின் கதை. எழுத, பேச, வெட்டி ஒட்ட மூன்று வாரம் ஆனது.

ஏற்றிய நான்காம் நாள், சில லட்சம் பேர் பின்தொடரும் ஒரு பக்கம் அதை அப்படியே எடுத்துப் போட்டது. மூலையில் இருந்த என் பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள். என் சேனலில் பார்த்தவர்களைப் போல முப்பது மடங்கு பேர் அங்கே பார்த்திருந்தார்கள். உடம்பெல்லாம் எரிந்தது. "இது பச்சைத் திருட்டு" என்று ஆரம்பித்து நீளமாக ஒரு பதிவு எழுதினேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. யாரோ ஒருவர் கீழே ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டார். 2012இல் நான் எழுதியது. "பதிப்புரிமை என்பதே பணம் உள்ளவன் போட்ட வேலி. அதைத் தாண்டுவது திருட்டு ஆகாது." என் பெயர், என் படம், தேதி எல்லாம் இருந்தது. அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விக்குறி.

அன்று ராத்திரி நான்கு முறை பதில் எழுதி அழித்தேன். "அது வேறு சூழ்நிலை" என்றுதான் நான்கு முறையும் தொடங்கினேன். காலையில் எழுந்து, "அந்த வரி என்னுடையதுதான். அன்று எடுப்பவன் பக்கம் நின்று எழுதினேன். இன்று பறிகொடுத்தவன் பக்கம் நிற்கிறேன். அன்று சொன்னது முழுச் சரியில்லை" என்று மட்டும் எழுதினேன். சண்டைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதோடு போய்விட்டார்கள். மீதிப் பேரில் இரண்டு மூன்று பேர் நல்ல கேள்விகள் கேட்டார்கள். இணையத்தில் பத்து வருடம் சண்டை போட்ட எனக்கு இது புது அனுபவம்.

2012இல் ஏன் அப்படி எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜனவரி 18 அன்று, இணையத் திருட்டைத் தடுக்க என்று அமெரிக்காவில் கொண்டுவந்த சோபா, பிபா மசோதாக்களை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. அந்தச் சூடு எனக்குள் ஆறாமல் இருந்தது. மே மாதம் நம் ஊரிலேயே அது நடந்தது போல இருந்தது. ஒரு தமிழ்ப் படத்தைத் திருட்டுத்தனமாக ஏற்றக் கூடாது என்று தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியிருந்தது. எதிராளி யார் என்றே தெரியாமல் வாங்கும் ஆணை இது. வெளிநாட்டில் 'ஜான் டோ' என்பார்கள், இந்திய நீதிமன்றங்களில் 'அசோக் குமார்' என்ற பெயரும் உண்டு. அதைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற வீடியோ தளங்களை மொத்தமாக முடக்கிவிட்டன. நான் எடிட் செய்த கல்யாண வீடியோக்களின் மாதிரிகள் எல்லாம் விமியோவில்தான் இருந்தன. புதிதாகக் கேட்டு வரும் வீட்டாருக்குக் காட்ட ஒன்றும் இல்லை. இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது.

அந்தக் கோபத்தில் நீதிபதியைத் திட்டினேன், படத்தின் நாயகனைத் திட்டினேன், கடைசியில் பதிப்புரிமை என்ற ஏற்பாட்டையே திட்டினேன். ஜூன் மாதம் அதே நீதிமன்றம், தடை என்பது படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டும்தான், முழுத் தளத்துக்கும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியது. அந்தச் செய்தியை நான் படித்ததே பல மாதம் கழித்துத்தான். அதற்குள் என் பதிவு நூறு பேருக்குப் போயிருந்தது. தளத்தை மொத்தமாகப் பூட்டியவர்களை விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாத ஒரு நடிகரை மூன்று நாள் வறுத்தெடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் தீர்ப்பு, ஆணை, சட்டம் என்று எது பேச்சுக்கு வந்தாலும் அதன் மூல வாசகத்தைத் தேடிப் படிக்காமல் ஒரு வரி எழுதுவதில்லை. பெரும்பாலான ஆணைகள் நாலைந்து பக்கம்தான் இருக்கும். படித்து முடிக்கும்போது கோபமும் பாதி இறங்கியிருக்கும், யார் மேல் கோபப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. கல்லூரி நாட்களில் திண்டுக்கல்லில் ஒரு பிரௌசிங் சென்டரில் சாயங்காலம் வேலை பார்த்தேன். எட்டு கம்ப்யூட்டர், லேன் கேபிளில் இணைத்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுவார்கள். மணிக்கு 15 ரூபாய். அங்கே இருந்த ஒரு கேம் சிடிகூடக் காசு கொடுத்து வாங்கியது இல்லை. எல்லாம் மதுரையிலிருந்து வந்த காப்பி, மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருக்கும். அசல் பெட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கடையில் அது விற்பனைக்கே வந்ததில்லை. வந்திருந்தாலும் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு அது எட்டியிருக்காது. அதனால் அதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை. கணினி வேலை எனக்குக் கைவந்ததே அந்தச் சிடிகளை நிறுவப் போராடியதால்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மறைத்துவிட்டு இன்று பதிப்புரிமை பற்றிப் பேசினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு கிடையாது.

என் வீடியோவைத் திருடிய பக்கத்தின் மேல் புகார் கொடுத்தது பற்றி நிறையப் பேர் கேட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். "நீ உன் வீடியோவை ரிஜிஸ்டர் பண்ணினாயா? இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது" என்று பலர் சொன்னார்கள். அது தவறு. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பு உருவான உடனே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. எனக்கு உதவியது இரண்டு விஷயம். என் சேனலில் முதலில் ஏறிய தேதி, எடிட்டிங் பிராஜெக்ட் ஃபைல். அந்தத் தளத்தின் புகார்ப் படிவத்தில் இரண்டு இணைப்பையும் போட்டு, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்னுடையது என்று எழுதினேன். மூன்று நாளில் தூக்கிவிட்டார்கள். திட்டி எழுதிய நீண்ட பதிவால் ஒரு பயனும் இல்லை, அதைப் படித்துவிட்டுத் திருடிய வீடியோவைப் பார்க்கப் போனவர்கள்தான் அதிகம்.

இதுவரை சொன்னதில் நான் பாதிக்கப்பட்டவன். 2023இல் நடந்ததில் பாதிப்பு செய்தவன்.

ஒரு தம்பி, கல்லூரி மாணவன், என் வீடியோக்களில் உள்ள பிழைகளைச் சொல்லி 14 நிமிடம் பேசியிருந்தான். ஒரு கேம் வந்த வருடம் தப்பு, ஒரு நிறுவனத்தின் பெயர் தப்பு என்று வரிசையாகப் போனான். என் வீடியோவிலிருந்து ஒன்றரை நிமிடம் போல எடுத்துக் காட்டியிருந்தான். கடைசியில், பப்ஜி கேமுக்கு மத்திய அரசு போட்ட தடையை நான் ஆதரித்து எழுதியதை வைத்து, நான் ஒரு கட்சிக்காரன் என்றும் சொன்னான். அந்தக் கடைசி வரிதான் சுட்டது. நண்பர்கள், "உன் ஃபுட்டேஜ்தானே? ஸ்ட்ரைக் அடி" என்றார்கள். அடித்தேன். அடுத்த நாள் வீடியோ காணாமல் போனது.

யூடியூபில் கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் பெரும்பாலும் இயந்திரம் தானாகக் கண்டுபிடித்துப் போடுவது. வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது சில இடங்களில் வீடியோ தெரியாது. ஸ்ட்ரைக் என்பது சட்டப்படி கொடுக்கும் நீக்கக் கோரிக்கையால் வருவது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். ஒரு பையனின் மூன்றில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து எப்படியோ என் எண்ணைப் பிடித்து அவன் பேசினான். குரல் நடுங்கியது. "அண்ணே, நான் சொன்னது தப்புன்னா சொல்லுங்க, திருத்திக்கிறேன். வீடியோவையே தூக்கிட்டீங்களே" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் சுட்டிய ஏழு பிழைகளில் ஐந்து உண்மையிலேயே என் பிழைகள். அன்றைக்கே கோரிக்கையைத் திரும்பப் பெற்றேன். அனுப்பியவரே திரும்பப் பெற்றால் ஸ்ட்ரைக்கும் போய்விடும், வீடியோவும் திரும்பி வரும்.

பிறகு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. நடப்புச் செய்தி சொல்வதற்கும் அப்படியே. கமெண்டுகளில் எல்லோரும் 'ஃபேர் யூஸ்' என்று சொல்வது அமெரிக்கச் சட்டத்தில் உள்ள சொல். அங்கே நீதிமன்றம் நான்கு அம்சங்களை எடைபோட்டு முடிவு செய்யும். நம்மிடம் இருப்பது 'ஃபேர் டீலிங்', எந்தெந்த நோக்கத்துக்கு என்று சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் யூடியூபின் நீக்கக் கோரிக்கை முறை அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது. அங்கேயும், நீக்கச் சொல்வதற்கு முன் அது நியாயமான பயன்பாடா என்று யோசித்திருக்க வேண்டும் என 2015இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின்னணியில் பாட்டு ஓட, ஒரு தாய் தன் குழந்தை ஆடுவதை எடுத்த 29 விநாடி வீடியோவைப் பற்றிய வழக்கு அது. நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இப்போது ஸ்ட்ரைக் அடிக்கும் முன் என்னையே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதே ஒன்றரை நிமிடத்தை எடுத்து அவன் என்னைப் புகழ்ந்திருந்தால் அடித்திருப்பேனா? மாட்டேன் என்றால் பிரச்சினை பதிப்புரிமை இல்லை, என் ரோஷம். அரசியல்வாதியும் நிறுவனமும் விமர்சகனின் வாயை அடைக்கச் சட்டத்தைப் பயன்படுத்தும்போது நாம் கொதிக்கிறோம். அதையே ஒரு பட்டனில் நானும் செய்தேன்.

பப்ஜி விஷயத்துக்கு வருகிறேன். 2020 செப்டம்பர் 2 அன்று அந்த கேமையும் சேர்த்து 118 செயலிகளை மத்திய அரசு முடக்கியது. அரசு சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு. முடக்கும் அதிகாரம் தந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. ஜூனில் கல்வான் எல்லையில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 வீரர்கள் இறந்த துக்கம் நாட்டில் இருந்தது. அந்த 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு. நானோ, "இனிமேலாவது பிள்ளைகள் படிக்கும்" என்று எழுதினேன். அரசு சொல்லாத காரணத்துக்கு நான் கைதட்டினேன். எதிர்த்தவர்களும் பெரும்பாலும் அதைத்தான் பேசினார்கள்: படிப்பு கெடுகிறதா இல்லையா. ஒரு ஆணையால் ஒரே ராத்திரியில் செயலிகளை முடக்கும் அதிகாரத்துக்கு எல்லை எது, காரணத்தை எந்த அளவு வெளியில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை எங்கள் வட்டத்தில் ஒருவர்கூட எழுப்பவில்லை.

என் அக்கா மகன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவனுக்கு நண்பர்களோடு பேச இருந்த ஒரே இடம் அந்த கேம். என் பதிவைப் பார்த்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டான். எட்டு மாதம் பேசவில்லை. அக்காதான் சொன்னாள், "நீ பாட்டுக்கு ஊருக்கே எழுதினியே, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" 2021 ஜூலையில் கேம் வேறு பெயரில் வந்தது, ஒரு வருடத்தில் மறுபடி செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்பியது. அப்போது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். தடை வேண்டும், வேண்டாம் என்று இரண்டே பக்கமாகப் பிரிந்து நாங்கள் அடித்துக்கொண்ட நாட்களில், நேர வரம்பு என்ற யோசனையை அந்தப் பதினாறு வயதுப் பையன்தான் சொல்லியிருந்தான். என் கமெண்டுகளுக்குள் அது புதைந்து கிடந்தது.

இதில் ஊடகங்களின் மேல் எனக்கு இன்னும் தீராத ஒரு வருத்தம் உண்டு. எங்களோடு கல்யாண வீடுகளுக்கு லைட் பிடிக்க வரும் ஒருவர் ஆன்லைன் ரம்மியில் பைக்கை விற்றார், பிறகு மனைவியின் நகை போனது. நல்ல மனிதர், குடிகூடக் கிடையாது. இப்படிக் குடும்பங்கள் அழிந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். தலைப்பு 'ஆன்லைன் விளையாட்டால்' என்று இருக்கும், பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய கேம் படம் ஒன்று. பணம் கட்டி ஆடும் சீட்டும், பிள்ளைகள் ஆடும் வீடியோ கேமும் ஒரே சொல்லுக்குள் போய்விடும். அப்புறம் கமெண்டில் ஒருவர் ரம்மியை நினைத்து "தடை செய்" என்பார், இன்னொருவர் மைன்கிராஃப்டை நினைத்து "எதற்கு?" என்பார். இருவரும் ராத்திரி முழுக்கச் சண்டை போடுவார்கள்.

சட்டமும் இதில் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு எதிரான தமிழ்நாட்டின் முதல் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு வந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அந்த நவம்பரில், ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்டத்தை நம்பியவை அல்ல, திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கி, ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம்தான் பண விளையாட்டைத் தனியாகவும் போட்டியாக நடக்கும் வீடியோ கேம்களான இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகவும் பிரித்துப் பெயரிட்டது. நான் இப்போது எந்த விவாதத்திலும் முதலில், "எந்த கேமைச் சொல்கிறீர்கள், அதில் பணம் கட்ட வேண்டுமா?" என்று கேட்கிறேன். பத்தில் ஆறு சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பாட்டு பற்றிய சண்டையிலும் இதே குழப்பம்தான். தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோது எங்கள் நண்பர்கள் குழு இரண்டாக உடைந்தது. ஒரு பாட்டுக்குள் மெட்டின் உரிமை, வரிகளின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை, பாடியவரின் உரிமை என்று தனித்தனியாக இருக்கின்றன என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே தன் படைப்பு பயன்படும்போது வரும் ராயல்டியை இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் எழுதிக் கொடுத்தாலும் இழக்க மாட்டார்கள் என்பதும் தெரியாது. யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதை வைத்துத்தான் பேசினோம். அந்தக் குழு இன்றுவரை ஒட்டவில்லை.

என் நிலைப்பாடு இன்று எங்கே வந்து நிற்கிறது என்று கேட்டால், படைத்தவனுக்குக் கூலியும் பெயரும் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உரிமை என்ற பெயரில் ஒரு படைப்பை யாருமே தொட முடியாதபடி பூட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வில் சொன்னது. அந்த பிரௌசிங் சென்டர் சிடிகளில் இருந்த சில கேம்களை இப்போது காசு கொடுத்து வாங்கலாம் என்று தேடினேன். விற்க ஆளில்லை. நம்மிடம் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கிப் பின்னர் பொதுவுடைமையாக்கியது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, உரிமைச் சிக்கல் இல்லாத தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். பதிப்புரிமையை மதித்துக்கொண்டே கதவைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள்.

2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்களை நிறுத்தியது. 2014இல் வந்த கேம், சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். டிஸ்க் வாங்கிக் கையில் வைத்திருப்பவராலும் அதை இனி ஆட முடியாது. அதையொட்டி ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு 2025 ஜூலையில் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. எங்கள் குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போடக் கிளம்பினார்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் மட்டும்தான் போட முடியும், நாம் போட்டால் அது செல்லாத கையெழுத்தாகி அவர்களுக்கே தொந்தரவு என்று எழுதித் தடுத்தேன். காரைக்காலில் வாழ்க்கைப்பட்டு பாரிஸ் போன என் சித்தி மகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவளிடம் கேட்டேன். "கம்பெனிக்காரன் காலம் பூரா சர்வர் ஓட்டிக்கிட்டே இருக்கணுமா? அது நியாயமா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். பழைய நானாக இருந்தால் அவளையும் கம்பெனிக்காரன் ஆள் என்றிருப்பேன். அந்த இயக்கத்தார் அதைக் கேட்கவில்லை, ஆதரவை நிறுத்தும்போது கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று அந்தக் கோரிக்கையை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, படித்துவிட்டுப் போட்டாள்.

அந்தக் கல்லூரித் தம்பி இப்போது கோவையில் வேலையில் இருக்கிறான். வரும் மார்கழிக்கு நான் செய்யப்போகும் வீடியோவின் எழுத்துப் பிரதியைப் போன வாரம் அவனுக்கு அனுப்பினேன். ஆறு இடத்தில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறான். நான்கைத் திருத்திவிட்டேன். மீதி இரண்டில் எனக்கு உடன்பாடு இல்லை, இன்று ராத்திரி சாப்பிட்டதும் போனில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.